சிவப்பு அம்பு ஒட்டிய நாவல்கள்

பாசமுள்ள மகள் ஜெயசுதாவுக்கு,

முதலிபாளையத்திலிருந்து சித்தப்பா கிட்டுசாமி எழுதுவது. பொங்கலூரில் நீயும் பச்சைக்குழந்தையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் உன் சின்னம்மாவும் சுகம். உன் பள்ளிக்கூட நூலகத்தைப் பற்றி மட்டும் அப்படிச் சொல்வதற்கில்லை.

பிரசவ விடுப்பில் போகும்போது நூலகத்தை என் பொறுப்பில் விட்டுவிட்டு என்ன சொன்னாய்? "ஆறாவதுல இருந்து எட்டாவது வரைக்கும் புள்ளைகளுக்கு ஏத்த நாவலாப் பாத்து எடுத்துக் குடுங்க சித்தப்பா. யாரும் படிக்கலீன்னா ஹெச்.எம். அந்த ரூமை யோகா ரூம் ஆக்கிப்போடுவாங்க" என்றாய். பனியன் கம்பெனியில் ஆயுசு பூராவும் செக்கிங் பார்த்தவனுக்கு இதென்ன பெரிய காரியம் என்று நானும் தலையை ஆட்டிவிட்டேன். பனியனில் ஓட்டை, எண்ணெய்க்கறை, தையல் விட்ட இடம் கண்டால் அங்கே ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டி ஒதுக்கி வைப்போமே, அதே முறையில் உன் நாவல்களையும் மேசைமேல் விரித்துப் போட்டுச் சோதித்தேன். ஒரு பையன் அப்பனிடம் பொய் சொல்லிவிட்டு மலையேறப் போகிறான், ஒட்டு ஒரு அம்பு. ஒரு சிறுமி வாத்தியாரின் நாற்காலியில் பசை தடவுகிறாள், ஒட்டு. பேய் வருகிறது, ஒட்டு. அந்தப் பேயோடு உட்கார்ந்து கதையில் வரும் புள்ளைக பரோட்டா திங்குதுக, ரெண்டாக ஒட்டு. பழுதில்லாத புத்தகங்களை முன்வரிசையில் நிறுத்தினேன். அதிலெல்லாம் பிள்ளைகள் விடியலில் எழுந்து பல் விளக்கிவிட்டுப் பெரியவர்கள் பேச்சைக் கேட்டு நடக்கிறார்கள். அம்பு ஒட்டியதைப் பின்னால் தள்ளிவிட்டேன்.

ஏழாவது படிக்கும் கீர்த்தனா எப்படியோ பின்வரிசைக்குள் கையை விட்டுவிட்டாள். மறுநாள் மதியம் சோறுகூடத் திங்காமல் வாசலில் ஒரே கூட்டம். "தாத்தா, அம்பு நெறையா இருக்கற புக்கு ஏதாச்சும் இருக்குதுங்களா?" என்று மரியாதையாகத்தான் கேட்கிறார்கள், என்னத்தைச் சொல்ல. நேராக அம்பு காட்டும் பக்கத்துக்குப் போகிறார்கள், பேய் ஏன் பரோட்டா கேட்டது என்று புரியாமல் முதல் பக்கத்துக்குத் திரும்பி வருகிறார்கள். நான் பாஸ் பண்ணி நிறுத்திய முன்வரிசையை ஒரு பயலும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. இந்தக் கூத்துக்கு நடுவில் கீர்த்தனாவின் அப்பா சண்முகவேல் புத்தகமும் கையுமாக வந்து நின்றார். "ஏனுங்க, கெட்டுப்போறதுக்கு வழி காட்டறதுதான் காட்டறீங்க, அதையும் அம்பு போட்டா காட்டுவீங்க?" என்றார். ஹெச்.எம். அம்மாவிடம் காட்டியே தீருவேன் என்று வராந்தா பெஞ்சில் போய் உட்கார்ந்தவர், காத்திருந்த நேரத்தில் அம்பு ஒட்டிய பக்கத்தைப் புரட்டிவிட்டார். கொஞ்ச நேரம் கழித்துப் போய்ப் பார்த்தால் மனுசனையும் காணோம், புத்தகத்தையும் காணோம்.

எனக்கு மனசு கேட்கவில்லை. அன்றைக்கே உட்கார்ந்து அத்தனை அம்பையும் உரித்துப் போட்டுவிட்டேன். பிள்ளைகளுக்குக் கதை சிபாரிசு செய்ய நான் லாயக்கில்லை கண்ணு, வேறு யாரையாவது ஏற்பாடு செய்துவிடு. சிவன்மலை முருகன் உன்னையும் குழந்தையையும் நோய்நொடி அண்டாமல் பார்த்துக்கொள்ளட்டும். மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல்.

உன் நல்லதையே நினைக்கும்,
சித்தப்பா கிட்டுசாமி

பி.கு.: கடிதத்தைத் தபாலில் சேர்க்க மறந்து சட்டைப்பையிலேயே வைத்திருந்தேன். அதற்குள், அம்பில்லாத நூலகத்துக்கு ஒரு ஈ, காக்காய்கூட வரவில்லை. யோகா பாய் எத்தனை விரிக்கலாம் என்று ஹெச்.எம். அம்மா டேப்போடு வந்து அறையை அளந்தார். அது உன் ரூம் கண்ணு. வேறு வழி தெரியாமல், பல் விளக்கும் பிள்ளைகள் கதை உட்பட எல்லாப் புத்தகத்திலும், ஒரு வரிகூடப் படிக்காமல், கை போன இடத்தில் அம்பு ஒட்டிவிட்டேன். இப்போது பிள்ளைகள் தப்பு எங்கே, தப்பு எங்கே என்று தேடி அட்டை முதல் அட்டை வரை படிக்கிறார்கள். பல் விளக்கும் பக்கத்தில் ஏதோ ரகசியம் இருப்பதாக எட்டாவது பி பிரிவில் அடிதடி. அறை முழுக்கப் பிள்ளைகள் உட்கார்ந்திருப்பதால் ஹெச்.எம். அம்மாவுக்கு ஒரு பாய் விரிக்கவும் இடமில்லை. மேலே எழுதியதையெல்லாம் மறந்துவிடு, விடுப்பை நீட்டிக்க வழியிருந்தால் நீட்டித்துக்கொள்.