ஐஸ்காரம்மாவின் மூன்று நிற விரல்கள்

ரத்தப் பரிசோதனை முடிவை நோயாளியிடமோ, படிவத்தில் அவர் எழுதிக் கொடுத்த நெருங்கிய உறவினரிடமோ தவிர வேறு எவரிடமும் சொல்லக்கூடாது. ஆய்வுக்கூடக் கவுண்டரில் முப்பது வருடம் இந்த விதியைக் காவல் காத்து ஓய்வு பெற்றவன் நான். மலாக்கா மாநிலத்தில் எந்த விதிக்கும் அடங்காத ஒரே பிறவி எங்கள் சிம்பாங் அம்பாட் ஐஸ்காரம்மா.

தனிக்கட்டை. சீவிய ஐஸில் கலர் சிரப்பு ஊற்றித் தரும் ஐஸ் கச்சாங் வியாபாரம். மோட்டார் சைக்கிள் கையுறை மாட்டிக்கொண்டுதான் ஐஸ் சீவுவார். கழற்றினால் விரல்கள் வெளுத்து, நீலமாகி, பிறகு சிவக்கும். "சிரப்பு ஊத்தாமலே மூணு கலரு, பாருங்கலா!" என்று வாடிக்கையாளர்களிடம் பெருமையாகக் காட்டுவார்.

கிளினிக்கில், "ஐஸ் தொடுறீங்க, அதான்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஐஸ்காரம்மா ஐஸை மூட்டை கட்டிவிட்டு ஒரு மாதம் கோரேங் பீசாங் என்னும் வாழைப்பழ பஜ்ஜி பொரித்தார். அப்போதும் பஸ் ஏர்கோனில் விரல் வெளுத்தது. அந்த விரலோடு நேரே டாக்டர் அறைக்குள் நுழைந்தார்.

"இப்ப சொல்லுங்க டாக்டர், ஐஸா, நானா?"

புதிதாக வந்திருந்த டாக்டர் இறுகிப் பளபளத்த தோலைத் தடவிப் பார்த்து ரத்தம் எடுத்தார். உடலையே தாக்கும் எதிர்ப்பொருள் இருப்பதாக முதல் பரிசோதனை சொன்னது. அது எந்த வகை என்று தெரிந்தால், தோலையும் உள்ளுறுப்புகளையும் இறுக்கும் சிஸ்டமிக் ஸ்க்ளெரோசிஸா என்று தீர்மானிக்க உதவும். அந்த ரத்தம் கோலாலம்பூர் போனது. என் நிம்மதியும் கூடவே போனது.

தினமும் காலையில் என் வீட்டு கேட் குலுங்கும்.

"சார், பஸ்ஸே ரெண்டு மணி நேரத்துல போவுது. என் ரத்தம் என்னா நடந்தா போவுது?"

"ஒவ்வொருத்தர் ரத்தமா செய்யமாட்டாங்கம்மா. இதே டெஸ்ட்டுக்கு நெறைய பேரு ரத்தம் சேர்ந்தப்புறம்தான் மொத்தமா செய்வாங்க."

"ஆளுதானே வேணும்? நான் புடிச்சிட்டு வரேன்!"

பிடித்தார். தன்னைப் போல் விரல் வெளுக்கிறவர் யார் என்று கண்டுபிடிக்க, கடைக்கு வந்தவர்கள் எல்லோருடைய கையையும் ஐஸ் வாளியில் முக்கினார். என் கையும் தப்பவில்லை. அது வெளுக்கவில்லை.

"சார் ஒண்ணுக்கும் உதவமாட்டீங்க!"

ஒரு நாள் கேட் குலுங்கவில்லை. எட்டிப் பார்த்தேன். விரல்கள் மடங்காமல் வெளியே நின்றுகொண்டிருந்தார்.

"இது நெஞ்சுக்குப் போயிருமா, சார்?"

விதிப்படி நான் பதில் சொல்லக்கூடாது. கேட்டைத் திறந்துவிட்டேன்.

அடுத்த வாரம் கிளினிக்கிலிருந்து எனக்குத் தொலைபேசி வந்தது.

"ரிசல்ட் வந்திருச்சு. அந்த நோய்தான்னு டாக்டர் சொல்றாரு. சீக்கிரமே தெரிஞ்சது நல்லது. நெஞ்ச ஸ்கேன் பண்ணணும், நாளைக்கே கூட்டிட்டு வாங்க. நீங்க அவங்க அண்ணன்தானே? ஃபாரத்துல அப்படித்தான் எழுதியிருக்காங்க."

படிவத்தில் தவறான தகவல் இருந்தால் அடித்துத் திருப்பி அனுப்பியே சம்பளம் வாங்கியவன் நான்.

"ஆமா, அண்ணன்தான்" என்றேன்.

தைப்பூசத்துக்கு முந்தின அந்த வியாழக்கிழமைதான் நான் அண்ணனானேன்.