பெட்டி திறக்க முன்னம் வந்த புகை

இந்த நோன்புப் பெருநாளைக்குப் புதுப் போன். முடிவெடுத்துவிட்டேன்! ஆண்பிள்ளையின் முடிவு. மனைவியின் அனுமதி மட்டும்தான் பாக்கி.

"ஸப்னா, புதுப் போன் கரண்ட் குறையத்தான் குடிக்குமாம். பூமிக்கு நல்லம் புள்ள!"

வாயைக் கொடுத்துவிட்டேன். அவள் ஒலுவில் கம்பஸில் சுற்றாடல் விஞ்ஞானம் படிக்கிறவள்.

"இஞ்சருங்க, நில்லுங்க! ஒரு போன் விடுற புகையில பெரிய பங்கு நீங்க பெட்டியத் திறக்க முன்னமே போய் முடிஞ்சிரும். மண்ணத் தோண்டி, உலோகத்த உருக்கி, சிப் செய்யப் பெக்டரியில நிலக்கரி எரிச்சு... நீங்க சார்ஜ் போடுறது அதுக்குப் பக்கத்தில ஒரு சொட்டு. பெட்டியில இதெல்லாம் எழுதி இருக்கா?"

"கெமரா மூணு எண்டு எழுதி இருக்கு."

"உங்கட மூஞ்சிக்கு ஒண்டு காணும். இருக்கிறது செத்தாத்தான் புதுசு!"

சாகத்தானே வேண்டும்? சாகடித்தேன்! உண்மையில் இல்லை, படங்களைப் புதியதற்கு மாற்ற வேண்டுமே. அன்றிரவே போனின் சத்தத்தை அடைத்து ஒளித்தேன். வீடு அவளுக்குச் சீதனமாய் வந்தது. பூட்டி வைக்க ஒரு அலுமாரித் திறப்புக்கூட என்னிடம் இல்லை. மூலையில் மாமா அனுப்பிய சாகாமத்து வயல் நெல் மூடை. முழங்கை வரை விட்டுப் புதைத்தேன்.

மறுநாள் பின்னேரம் கடற்கரையில் சாரனை நானே நனைத்துக்கொண்டு ஓடி வந்தேன்.

"ஸப்னா! போன் கடலுக்க போயிட்டு! தோணி தள்ளக் கை கொடுத்தன், மடியில இருந்து வழுக்கி..."

"அல்லாவே! தேடல்லியா?"

"தேடாம? மூணு தரம் முழுகினன்! அலை எண்டா தென்னமர உசரம்!"

"முழுகின ஆளுக்குத் தலை நனையல்லியே?"

"காத்துக்குக் காஞ்சிட்டு."

அவள் மணிக்கூட்டைப் பார்த்தாள்.

"சரி, நாளைக்குக் கல்முனைக்குப் போய்ப் புதுசு எடுப்பம். இன்னொருக்காச் செல்லுங்க, எத்தன தரம் முழுகின?"

"அஞ்சு தரம்!"

மூடைக்குள் இருந்து, "அல்லாஹு அக்பர்!"

அந்தித் தொழுகைக்கான மஹ்ரிபுப் பாங்கு! போன நோன்புக்கு நானே போட்ட செயலி. பள்ளியை ஒரு நிமிடம் முந்திக்கொண்டு நெல் பாங்கு சொல்கிறது! பாங்கு நேரம் கதைக்கக் கூடாது. ஸப்னா முக்காட்டை இழுத்துவிட்டு, என்னையே பார்த்தபடி, கடைசி வரை கேட்டாள். அவ்வளவு நீண்ட பாங்கை நான் வாழ்நாளில் கேட்டதில்லை.

"சத்தத்த அடைச்சித்தானே வச்ச..." என்று என் வாயே என்னைக் காட்டிக்கொடுத்தது.

"காலையில நெல் அவிக்க அள்ளினன், போன் கையில வந்திச்சி. சத்தத்த நான்தான் கூட்டி வச்ச."

போனைக் கிளறி எடுத்து, தூசியை ஊதி, என் கையில் வைத்தாள்.

"கோவமா புள்ள?"

"கோவமா? புதுசு எண்டா எவ்வளவு புகை எண்டு படிச்சவள் நான். அதாலதானே உங்களையே வச்சிப் பாவிக்கிறன்."