இரண்டு சிவபாலன்கள்

எண்பத்துநான்கு பேரை ஏற்றியிருந்தாள். எண்பத்துமூன்று பேர்தான் வந்து சேர்ந்திருந்தார்கள்.

சாருஜா திரையை மேலும் கீழும் இழுத்து மறுபடி எண்ணினாள். அதே எண்பத்துமூன்று. மணி ஒன்பதே முக்கால். பத்து மணிக்குப் பணிப்பாளர்கள் கூட்டம்.

வெள்ளவத்தையில் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்ற அந்தக் கறுவாப்பட்டை ஏற்றுமதி நிறுவனத்தில், கணினிப் பிரிவு என்றால் சாருஜா ஒருத்திதான். வெள்ளிக்கிழமையோடு அவளுடைய ஆறு மாதத் தகுதிகாண் காலம் முடிகிறது. "பிள்ளைக்குக் கொழும்பில நிரந்தர வேலை" என்று அம்மா சொந்த ஊரான கோப்பாய் முழுக்கச் சொல்லி முடித்திருந்தார். நிரந்தரமாக்கும் கடிதம் மட்டும் இன்னும் தலைவர் சிவானந்தனின் மேசையில் கையெழுத்தில்லாமல் கிடந்தது.

நிறுவனம் அன்றுதான் புதிய காணொளிக் கூட்ட மென்பொருளுக்கு மாறுகிறது. ஊழியர் பட்டியலில் உள்ள பெயர்களை அப்படியே அதற்குள் ஏற்றவேண்டும், அவ்வளவுதான் வேலை. முதல் தடவை ஏற்றியபோது, பெயருக்குள் புள்ளி இருக்கக்கூடாது என்று மென்பொருள் மறுத்துவிட்டது. எல்லாருடைய தலைப்பெழுத்தையும் புள்ளியோடு சேர்த்து அழித்தாள். இரண்டாம் தடவை மறுபேச்சில்லாமல் எடுத்துக்கொண்டது. ஒருவரைத் தவிர.

அந்த ஒருவர் சிவபாலன்.

பட்டியலில் இரண்டு சிவபாலன்கள் இருந்தார்கள். க. சிவபாலன் திட்டமிடல் முகாமையாளர். மேல்மாடியில் தனி அறை, ஏசி, சுழலும் கதிரை. த. சிவபாலன் இரத்மலானைக் களஞ்சியத்தின் பொறுப்பாளர். தலைப்பெழுத்துப் போனதும் இரண்டும் ஒரே ஆள் என்று மென்பொருள் தீர்மானித்துவிட்டது.

விடுபட்டவரைச் சாருஜா கையாலேயே சேர்த்தாள். மின்னஞ்சல் முகவரிகள் 'சிவபாலன் ஒன்று', 'சிவபாலன் இரண்டு' என்றிருந்தன. பெரியவர்தானே ஒன்றாக இருப்பார்? ஒன்றைப் பணிப்பாளர்கள் கூட்டத்திலும், இரண்டைக் களஞ்சிய ஊழியர்களின் ஃபோர்க்லிஃப்ட் வண்டிப் பயிற்சி வகுப்பிலும் போட்டாள். அழைப்புகள் பறந்தன.

பத்தேகாலுக்குத் தலைவரின் செக்ரட்டரி பஹ்மா தொலைபேசியில் கிசுகிசுத்தாள்.

"சாருஜா, கூட்டத்துக்குள்ள யாரோ ஒராளு வந்திருக்காரு. பின்னுக்கு முழுக்க மூட்டை."

"மூட்டையா?"

"காதுல பென்சிலும் இருக்கு."

சாருஜா அவசரமாக உள்ளே நுழைந்து பார்த்தாள். கோட்டும் கழுத்துப்பட்டியுமாக இருந்த ஏழு முகங்களுக்கு நடுவே, கறுவாக் கட்டுகளுக்கு முன்னால் ஒரு ஸ்டூலில் களஞ்சியச் சிவபாலன் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

"நீங்கள் ஆர்?" என்றார் தலைவர்.

"சிவபாலன், சேர். கூப்பிட்டிருந்தினம், வந்தனான்."

தலைவர் அடுத்த வார்த்தை பேசுவதற்குள் ஆளை வெளியே எடுத்துவிட வேண்டும். சாருஜா அவருடைய பெயரைத் தொட்டாள். பொத்தான்களின் வரிசை ஒன்று விழுந்தது. அவசரத்தில் விரல், 'வெளியேற்று' என்பதற்கு ஒன்று மேலே பட்டுவிட்டது.

'கூட்டத் தலைவராக்கு.'

களஞ்சியச் சிவபாலனின் முகம் திரை முழுக்க விரிந்தது. மற்றவர்களின் ஒலிவாங்கிகள் ஒரே நேரத்தில் அணைந்தன. ஓரத்துச் சிறு கட்டத்தில் சிவானந்தனின் உதடுகள் மட்டும் வேகமாக அசைந்தன.

"சேர்மன்ட சத்தம் கேக்குதில்ல!" என்றாள் பஹ்மா. "அவரு மேசையில அடிக்கிறாரு. அதுவும் கேக்குதில்ல!"

தலைமைப் பொறுப்பைத் திருப்பி எடுக்கச் சாருஜா வேறொரு பொத்தானை அழுத்தினாள். மென்பொருள் முறைப்படி சிவபாலனிடம் அனுமதி கேட்டது: 'உங்கள் பொறுப்பை விட்டுக்கொடுக்கச் சம்மதமா?' அவர் சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டு, ஆறுதலாக வாசித்து, 'இல்லை' என்பதை அழுத்தினார்.

"எல்லாரும் பேசாமல் இருக்கிறியள்," என்றார் பிறகு. "அப்ப என்னட்டைத்தான் கேக்கிறியள் போல."

திரையின் ஓரத்தில் அன்றைய விடயம் எழுதியிருந்தது: மருதானையில் இரண்டாவது களஞ்சியம் வாங்குவது.

"அது தேவையில்லை, சேர். கப்பல் வியாழன் போகுது. நாங்கள் சரக்கைத் திங்கள் எடுக்கிறம். மூண்டு நாள் சும்மா கிடந்து இடத்தை அடைக்குது. புதன் எடுத்தால் இந்தக் களஞ்சியத்திலயே பாதி வெறுமையாக் கிடக்கும்."

வெளியே லொறிச் சாரதி ஒருவர் ஹோர்ன் அடித்தார். "பொட்டக் இன்ன, அய்யே!" என்று சிங்களத்தில் சொல்லி அவரைப் பொறுக்கச் செய்துவிட்டு, சிவபாலன் காதிலிருந்த பென்சிலை எடுத்தார். ஒரு மட்டைப் பெட்டியின் பின்பக்கத்தில் கட்டம் கட்டமாக வரைந்தார். எந்தத் தோட்டத்துச் சரக்கு எந்த நாளில் வரவேண்டும், எது காயும், எது காத்திருக்கும் என்று இருபது நிமிடம் விளக்கினார். குறுக்கே பேச ஒருவராலும் முடியவில்லை.

கூட்டம் முடிந்ததும் பஹ்மா கூப்பிட்டாள். "சேர்மன் வரச் சொல்றாரு. இப்பவே."

சாருஜா கைப்பையையும் தோளில் மாட்டிக்கொண்டே போனாள். வீட்டுக்கு அனுப்பினால் திரும்ப மாடியேறத் தேவையில்லை.

சிவானந்தன் நிமிர்ந்து பார்த்தார்.

"அந்தாளை ஆர் கூப்பிட்டது?"

"நான்தான், சேர்."

"இனி ஒவ்வொரு கிழமையும் கூப்பிடும். எங்கட முகாமையாளரிட்டை ஆறு வருசமா எதைக் கேட்டாலும், 'பாப்பம் சேர்' எண்டதை விட்டால் வேற பதில் வந்ததில்லை."

கடிதத்தை இழுத்துக் கையெழுத்து வைத்து நீட்டினார்.

கடிதம் கையில் கனத்தது. ஒரு மனிதருடைய கதிரையைப் பறித்து வாங்கிய கடிதம். மேல்மாடியில் அந்தப் பாவம் கூட்டத்துக்கு அழைப்பும் இல்லாமல் என்ன பாடுபடுகிறாரோ? படிகளில் ஓடினாள்.

முகாமையாளரின் கதவு பாதி திறந்திருந்தது. அவர் சட்டைக் கையை முழங்கைவரை மடித்துவிட்டு, கொப்பி ஒன்றில் மளமளவென்று எழுதிக்கொண்டிருந்தார். 'சுமையோட சரிவில இறங்கேக்க பின்பக்கமாத்தான் இறங்கவேணும்' என்றது கணினியிலிருந்து ஒரு குரல். "அதுதானே!" என்று அவர் தொடையில் தட்டினார்.

"சேர்," என்றாள் சாருஜா. "பிழை என்னிலதான். உங்களையும் இரத்மலானைச் சிவபாலனையும் மாத்திப் போட்டுட்டன். அஞ்சு நிமிசம் தாங்கோ, திருப்பிச் சரியாக்கிறன்."

அவர் ஒலியைக் குறைத்தார். எழுந்து வந்து கதவைச் சாத்தினார்.

"ஒண்டையும் தொடாதையும், பிள்ளை," என்றார் மெல்ல. "நாங்கள் ரெண்டுபேரும் ஒரே நாளில வேலைக்குச் சேர்ந்தனாங்கள்; அண்டைக்குப் பட்டியல்ல எங்கட வேலையை மாத்தி ஏத்திப்போட்டினம், நீர்தான் இண்டைக்குச் சரியா ஏத்தியிருக்கிறீர்."