நான்கு கால் முக்காலியும் இரண்டு சர்க்காரும்

அன்பு மருமகளுக்கு, உன் அம்மாவின் ஒரே தம்பியும் பட்டறையின் வெளிவிவகாரப் பொறுப்பாளருமான உன் மாமன் எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் பேனாவைத் திறந்தேன். முழங்கால் ஒப்புக்கொள்ள மறுக்கிறது. பட்டறையும் நலமென்று சொல்வதற்கில்லை. நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருந்தால் குடும்பத்தில் இரண்டு பேராவது நலம் என்று நிம்மதி அடைவேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நடந்தது அத்தனையும் எனக்கு முன்பே தெரியும். மேல் சர்க்கார் வரியையும் கீழ் சர்க்கார் வரியையும் ஒன்றாக்கிச் சீர்திருத்தம் கொண்டுவரப் போகிறார்கள் என்று செய்தி வந்த அன்றே பட்டறை வாசலில் நின்று, "அக்கா, இது ஒரு நாள் நம்ம பட்டறைக்குள்ள வந்து சம்மணம் போட்டு உட்காரும் பாரு" என்றேன். உன் அம்மா உப்புத்தாளைத் தேய்த்தபடியே, "உட்காரட்டும்டா, உட்கார வைக்கிறதுதானே நம்ம பொழைப்பு" என்றாள். அவளுக்கு எப்போதுமே என் பேச்சு ஒரு காதில் நுழைந்து இன்னொரு காதில் போய்விடும். நீ பொருளாதாரத்தில் பட்டம் வாங்கியவள், மறுக்கவில்லை. ஆனால் நான் ஒன்பதாம் வகுப்பை மூன்று வருடம் படித்தவன். ஒரே பாடத்தை மூன்று வருடம் படித்தவனுக்கு இருக்கிற ஆழம் ஒரு வருடத்தில் தாண்டிப் போனவர்களுக்கு எப்படி வரும்? ஆகையால் நான் சொல்வதைக் கவனமாகக் கேள்.

கூட்டாட்சி கூட்டாட்சி என்கிறார்களே, அது வேறொன்றுமில்லை, ஒரே வீட்டில் இரண்டு மாமியார். முன்பெல்லாம் ஒருத்தி காலையில் கேட்பாள், இன்னொருத்தி மாலையில் கேட்பாள். சீர்திருத்தம் வந்த பிறகு இருவரும் ஒரே நேரத்தில் ஒரே தட்டை நீட்டுகிறார்கள். ஒரே படிவம், ஒரே தேதி, விழுவதில் பாதி அவளுக்கு, பாதி இவளுக்கு. இதுவரை நல்ல ஏற்பாடுதான், நான்கூட மனதுக்குள் கை தட்டினேன். ஆனால் தட்டை ஒன்றாக்கியவர்கள், தட்டில் விழும் பொருளுக்கு என்ன பெயர் என்பதை ஒன்றாக்க மறந்துவிட்டார்கள். அங்கேதான் நம் பட்டறை மாட்டிக்கொண்டது. நம் பட்டறையில் செய்வது முக்காலி என்பது உனக்குத் தெரியும். அதற்கு நான்கு கால் என்பதும் தெரியும். ஆரம்பத்தில் மூன்று கால்தான் இருந்தது. தையல் கூடத்துப் பெண்கள் ஆடுகிறது என்று குறை சொன்னதால் இம்மி பிசகாமல் அளப்பதால் மில்லிமீட்டர் என்று பெயர் வாங்கிய நம் தச்சர் நாலாவது காலைச் சேர்த்தார். கால் கூடியது, பெயர் கூடவில்லை. இத்தனை வருடம் அதனால் யாருக்கும் பல் வலிகூட வந்ததில்லை.

புதுச் சட்டத்தில் முக்காலி என்றால் வேலைக்கான துணைப்பொருள், நூற்றுக்கு ஆறு வரி. நாற்காலி என்றால் அலங்கார மரச்சாமான், நூற்றுக்கு இருபத்தாறு. உன் அம்மா வழக்கம்போல முக்காலி என்று ரசீது போட்டு ஆறு கட்டிக்கொண்டு வந்தாள். எட்டு மாதம் கழித்து ஒரே நாளில் இரண்டு நோட்டீஸ். கீழ் சர்க்கார் சொல்கிறது: உங்கள் பதிவுப் படிவத்தில் நாற்காலி என்று இருக்கிறது, காலும் நான்கு இருக்கிறது, ஆகவே எட்டு மாதத்து வித்தியாசத்தைக் கட்டு. மேல் சர்க்கார் சொல்கிறது: உங்கள் பொருளுக்கு முதுகே இல்லை, முதுகில்லாதது எப்படி நாற்காலி ஆகும், படிவத்தில் தவறான தகவல் கொடுத்ததற்கு விளக்கம் சொல். ஒருத்தி காலை எண்ணுகிறாள், இன்னொருத்தி முதுகைத் தடவுகிறாள். இரண்டு நோட்டீஸிலும் கடைசி வரி மட்டும் ஒன்றுதான்: முப்பது நாளில் பதில் இல்லையென்றால் பதிவு ரத்து. பதிவு இல்லாத பட்டறையிடம் தையல் கூடத்துக்காரர்கள் ஒரு குச்சிகூட வாங்க மாட்டார்கள். இருநூற்று நாற்பது முக்காலிக்கு அவர்கள் சொல்லிவைத்திருப்பதுதான் மில்லிமீட்டருக்கும் பாலிஷ் போடும் இரண்டு பெண்களுக்கும் உன் அம்மாவுக்கும் இந்த வருடத்துப் பிழைப்பு. அது போனால் பட்டறைக்குப் பூட்டுதான். நோட்டீஸைப் படித்த அன்று உன் அம்மா சாப்பிடவில்லை. போனில் உன்னிடம் "ஒண்ணும் இல்லடி, தூசி, அதான் குரல் கம்முது" என்றாளே, அது தூசி இல்லை.

நான் விடுவேனா? ஒரு முக்காலியைத் தலையில் தூக்கிக்கொண்டு கீழ் சர்க்கார் அலுவலகம் போனேன். நான்காவது மாடி, லிப்ட் வேலை செய்யவில்லை. வழியில் உட்கார ஒரு பெஞ்சு கிடையாது. நல்லவேளை, கையோடு இருக்கை கொண்டுபோயிருந்தேன், மாடிக்கு ஒரு முறை உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினேன். அதிகாரி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் குனிந்து எண்ணினார்.

"எண்ணிப் பாருங்க சார். நாலு. நாலு கால் இருந்தா நாற்காலி. இதுக்கு நான் எதுக்கு, தமிழே சொல்லுதே" என்றார்.

"அப்போ உங்க மேஜைக்கும் நாலு கால்தானே இருக்கு?"

"மேஜையில யாரும் உட்கார மாட்டாங்க சார்."

அவர் சொல்லி வாய் மூடவில்லை, பக்கத்துப் பிரிவு ஊழியர் ஒருவர் அதே மேஜையின் ஓரத்தில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். அதிகாரி அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கண்ணாடியை இறக்கிக்கொண்டார். "மூணு கால்ல கொண்டாங்க, பார்க்கலாம்" என்றார்.

கொண்டுபோனேன். மில்லிமீட்டர் மாட்டவே மாட்டேன் என்றார். "ஒரு காலை எடுத்தா மீதி மூணையும் இடம் மாத்தி வெக்கணும்ங்க. சும்மா அறுத்தா நிக்காது. என் கையால நான் செய்ய மாட்டேன்" என்று உளியைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார். நானே ரம்பத்தை எடுத்து நாலாவது காலை அறுத்தேன். மறுபடியும் நான்கு மாடி. அதிகாரி எண்ணிப் பார்த்து, "இப்ப இது முக்காலி" என்று முகம் மலர்ந்து, சோதிப்பதற்காக உட்கார்ந்தார். சாய்ந்தது பார், நான் மட்டும் புலிபோலப் பாய்ந்து கையில் ஏந்தியிருக்காவிட்டால் கீழ் சர்க்கார் அன்றைக்கே தரையில் கிடந்திருக்கும். என் முழங்கால் போனது அப்போதுதான். அதைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

போன வியாழக்கிழமை கூட்டு விசாரணை. மேல் சர்க்கார் அதிகாரி ஒரு அம்மா, சுழல் நாற்காலியில். கீழ் சர்க்கார் கண்ணாடிக்காரர் பக்கத்தில். எதிரே நானும் உன் அம்மாவும். நம் முக்காலி மேஜைமேல், குற்றவாளி மாதிரி. நான் எழுந்து நின்று கேட்டேன்: "அம்மா, நீங்க உட்கார்ந்திருக்கிறதுக்கு எத்தனை கால்?" அவர் குனிந்து பார்த்தார். "ஒண்ணு. அடியில அஞ்சு சக்கரம்." "அதுக்கு வரி எவ்வளவுங்க?" கண்ணாடிக்காரர்தான் பதில் சொன்னார். "அது சுத்துது சார். சுத்தறதால இயந்திர வகை. நூத்துக்கு ஆறு."

மருமகளே, கேட்டுக்கொண்டாயா? சுற்றிக்கொண்டே கையெழுத்துப் போடுகிறவர் இருக்கைக்கு ஆறு. பத்து மணி நேரம் தையல் மெஷின் முன்னால் முதுகுச் சாய்ப்பே இல்லாமல் உட்காருகிறவள் இருக்கைக்கு இருபத்தாறு. சுழல் நாற்காலிக் கம்பெனிக்காரர்கள் சட்டம் எழுதும்போதே பக்கத்தில் போய் உட்கார்ந்து 'சுத்துது' என்று ஒரு வார்த்தையைச் சேர்த்துவிட்டார்கள். உன் அம்மாவுக்குச் சட்டம் எழுதுகிற அறை எந்தத் தெருவில் இருக்கிறது என்றே தெரியாது. "உட்கார்ற சாமானைப் பார்த்து வரி போடாதீங்க, உட்கார்றவங்களைப் பார்த்துப் போடுங்க" என்றேன். அந்த அம்மா உடனே பேனாவை எடுத்து அதைக் குறித்துக்கொண்டார்.

குறித்துவிட்டு, "நீங்க கேக்கறது நியாயம்தாங்க. ஆனா இது அதுக்கான இடம் இல்லை. சீர்திருத்தக் குழுவுக்கு எழுதிப் போடுங்க. எனக்கு இப்ப ஒரு பதில் போதும். உங்க படிவத்துல நாற்காலின்னு நீங்களே ஏன் போட்டீங்க?" என்றார்.

உன் அம்மா மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள். அந்தப் படிவத்தைக் கவுண்டரில் கொடுத்து வந்தது நான்தான். அன்றைக்குப் பட்டறையில் மர லோடு இறங்கியது, அவளால் வர முடியவில்லை. நான் சற்றும் தயங்காமல் நடந்ததைச் சொன்னேன். கவுண்டரில் இருந்த பெண் என்ன பொருள் என்று கேட்டாள், நான் கணீரென்று முக்காலி என்றேன், அவள் காதில் பாட்டு மாட்டியிருந்ததால் நாற்காலி என்று விழுந்திருக்கிறது, அடித்துவிட்டாள். அதன் பிறகு நான் மூன்று முறை திருத்தச் சொன்னேன். அந்தப் பெண்ணையே அழைத்து வந்தார்கள். ஒப்பந்த வேலை, இருபத்து மூன்று வயதிருக்கும், பேனாவைக் காதுக்குப் பின்னால் சொருகியபடியே வந்து நின்றாள். "சார் சொன்னதைத்தாங்க அடிச்சேன்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். என்னைப் பார்க்கக்கூட இல்லை.

முதுகில்லாததால் பொருள் முக்காலிதான் என்று ஒப்புக்கொண்டு, அதிகாரி அம்மா இரண்டு வழி சொன்னார். தவறு கவுண்டருடையது என்றால் உரிமையாளர் எழுதிக் கையெழுத்திட வேண்டும். நோட்டீஸ் இரண்டும் ரத்து, எட்டு மாத வித்தியாசமும் இல்லை, ஆனால் அந்தப் பெண்ணை வேலையிலிருந்து எடுத்துவிடுவார்கள். தவறு நம்முடையது என்றால் படிவம் கொடுத்தவரே நேரில் வந்து, தவறாகச் சொன்னது நான்தான் என்று எழுதிக் கொடுத்துத் திருத்த மனு போட வேண்டும். பதிவு பிழைக்கும், இனிமேல் ஆறுதான், ஆனால் பழைய எட்டு மாதத்தைத் தவணையில் கட்டியாக வேண்டும். நாம் ஏன் கட்ட வேண்டும்? முதல் வழிதான் என்று சொல்லிவிட்டேன். வருகிற புதன்கிழமை பத்து மணிக்கு உன் அம்மா கையெழுத்திட வேண்டும். அவள் பஸ்ஸில் வரும்போது, "அந்தப் பொண்ணு நம்ம வீட்டுப் பொண்ணு மாதிரியே இருக்காடா. நிஜமாவே பாட்டு கேட்டாளா?" என்றாள். "நான் என்ன பொய்யா சொல்றேன்?" என்று கேட்டேன். அவள் முக்காலியை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டாள். எனக்கும் களைப்பாக இருந்தது. வரி கட்டிக் களைத்தவர்களைப் பார்த்திருப்பாய். வரி கட்டலாமா வேண்டாமா என்று நான்கு மாடி ஏறிக் களைத்தவன் நான் ஒருவன்தான்.

ஆக, என் சாமர்த்தியத்தால் பட்டறை தப்பியது என்று மாப்பிள்ளையிடம் சொல். நேரம் தவறாமல் சாப்பிடு. மாப்பிள்ளைக்கு என் விசாரிப்பு. எங்கே உட்கார்ந்தாலும் ஆடாத இடமாகப் பார்த்து உட்காரவேண்டும் என்று உங்கள் இருவரையும் வாழ்த்தி முடிக்கிறேன்.

இப்படிக்கு,
உன் மாமன்

பின்குறிப்பு: அந்தப் பெண் காதில் ஒன்றும் மாட்டியிருக்கவில்லை. நான் முக்காலி என்று சொல்லவும் இல்லை. அவள்தான் ரசீதைப் பார்த்துவிட்டு, "முக்காலின்னு போடட்டுமா சார்?" என்று கேட்டாள். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. வரிசையில் எனக்குப் பின்னால் பீரோ கம்பெனிக்காரன் நின்றுகொண்டிருந்தான். அவன் முன்னால் முக்காலி என்று எப்படிச் சொல்வது? "நாற்காலின்னு போடும்மா, கௌரவமா இருக்கட்டும்" என்றேன். அவள் சிரித்துக்கொண்டே அடித்தாள். அதிகாரி அம்மா குறித்துக்கொண்டது என் வாசகத்தை இல்லை, என் போன் நம்பரை. முக்காலியிலிருந்து விழுந்ததும் கண்ணாடிக்காரர் இல்லை, நான்தான், அவர்தான் தூக்கிவிட்டார். அதெல்லாம் போகட்டும். புதன்கிழமைக்கு முன்னால் அந்தத் திருத்த மனுவை நீ எழுதி அனுப்பு. 'தவறாகச் சொன்னது நான்தான்' என்பதற்குக் கீழே என் பெயருக்கு இடம் விடு, நான்கு மாடியும் நானே ஏறுகிறேன். எட்டு மாதத் தவணைக்கும் நானே வழி பார்க்கிறேன். உன் அம்மாவிடம் நான் சொல்வதாக இரண்டு நாளாக நினைக்கிறேன், வாயைத் திறந்தால் வேறு கதை வருகிறது. நீ போனில் சொல்லிவிடு. எல்லாம் எனக்கு முன்பே தெரியும் என்று ஆரம்பத்தில் எழுதினேனே, பார், அது மட்டும் பொய்யில்லை. இதை எழுதுவதற்காக ஒட்டின உறையைப் பிரித்தேன், ஓரம் கிழிந்துவிட்டது. தபால்காரரைத் திட்டாதே. அதுவும் நான்தான்.