இரட்டை வேகத்தில் அக்கா

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் அத்தானும் நலமாக இருப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். இங்கே என்னைத் தவிர எல்லோரும் நலம். முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இனி நமக்குள் போன் வேண்டாம், கடிதம்தான். அந்தச் சனியனைத் தொட்டாலே என் புத்தி மழுங்கிப்போகிறது.

எல்லாம் அலுவலகத்தில் நடந்த ஒரு பயிற்சி வகுப்பில் ஆரம்பித்தது. போன் நம்மை ஆளக் கூடாது, நாம்தான் போனை ஆள வேண்டும் என்றார்கள். அன்றைக்கே ஆள ஆரம்பித்துவிட்டேன். துணி அலமாரியில் போர்வைக்கு அடியில் போனை வைத்து, மாலையில் அரை மணி நேரம் மட்டும் எடுப்பது, அலாரம் அடித்தால் மறுபடி உள்ளே தள்ளுவது என்று சட்டம் போட்டேன். "கவர்மென்ட் ஆபீஸ்கூட இதைவிட நேரம் திறந்திருக்கும்டி" என்று இவர் கிண்டல் செய்தார். நான் கேட்கவில்லை. அரை மணிக்குள் எல்லோரையும் முடிக்க வேண்டுமே, குரல் செய்திகளை இரட்டை வேகத்தில் ஓடவிட்டேன். சித்தியின் முழங்கால் வலிகூட விறுவிறுப்பாக முடிந்தது.

அப்படித்தான் உன் செய்தியையும் கேட்டேன். வீட்டுக்காரர், காலி, மாதக் கடைசி, பீரோ படியில் இறங்கவில்லை என்றெல்லாம் கீச்சுக் குரலில் பறந்தது. நடுநடுவே கிக்கி கிக்கி என்று சத்தம். அந்த பீரோவை மேலே ஏற்றிய நாளில் அது படியில் மாட்டிக்கொள்ள, நாம் இரண்டு பேரும் அங்கேயே உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தோமே, அதை நினைத்துத்தான் சிரிக்கிறாய் என்று நினைத்தேன். அதற்குள் அலாரம் அடித்துவிட்டது. மிச்சத்தைக் கேட்காமல், சிரிக்கிற பொம்மை முகம் ஐந்தைத் தட்டிவிட்டு போனை உள்ளே வைத்தேன்.

நேற்று போனை நோண்டிக்கொண்டிருந்த என் மகள் கேட்டாள்: "பெரியம்மா மெசேஜுக்கு ஏம்மா சிரிச்சு வச்சிருக்கே?"

"பீரோ கதைடி. கேளு, உனக்கும் சிரிப்பு வரும்."

அவள் சாதாரண வேகத்தில் போட்டாள். கொஞ்சம் கேட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். "அம்மா, பெரியம்மா அழறாங்கம்மா."

"இத்தனை வருஷ வீடுடி, எதை எடுத்தாலும் மறுபடி அங்கேயே வச்சிடறேன். நீ ரெண்டு நாள் வந்து கூட இருந்தா போதும்" என்றாய். அதற்குமேல் கேட்க முடியாமல் நிறுத்திவிட்டேன்.

மாதக் கடைசியும் போய்விட்டது. நான் இல்லாமல்தான் மூட்டை கட்டியிருப்பாய். மிச்சம் பிடித்த நேரத்தில் நான் என்ன சாதித்தேன் தெரியுமா? ஜன்னல் பக்கத்தில் அமைதியாக உட்கார்ந்திருந்தேன். மனசு லேசாக இருக்கிறது என்று இவரிடம் பெருமை வேறு. கொள்கைக்காகக் கடிதம் என்று மேலே எழுதியது பொய்யக்கா. உன் குரலைக் கேட்க எனக்கு முகமில்லை.

திட்டுவதானால் காகிதத்தில் நீளமாகத் திட்டு. மெதுவாகவே படிப்பேன். அத்தானுக்கு என் வணக்கம்.

உன் தங்கை

பி.கு.: உறையில் விலாசம் எழுதி ஒட்டிய பிறகுதான் பார்க்கிறேன், நீ காலி செய்த வீட்டுக்கே எழுதியிருக்கிறேன். புது விலாசம் உன் செய்தியின் மிச்சத்தில் இருக்குமென்று போனை எடுத்து, உன் வேகத்திலேயே கடைசிவரை கேட்டேன். மூக்கைச் சிந்திவிட்டுச் சொல்கிறாய்: "புது அட்ரஸை இதுல சொல்ல மாட்டேன். சொன்னா ஒரு கட்டை விரலைப் போட்டுட்டுப் போயிடுவே. வேணும்னா போன் பண்ணிக் கேளு."

பண்ணிவிட்டேன். கிழித்த உறை மடியில் கிடக்கிறது. மணி அடித்துக்கொண்டே இருக்கிறது. எடு, அக்கா.