ஏரி நடுவில் நின்ற லாஞ்சும் ஜாக்கெட் ஆன்ட்டியும்

அன்று நடந்தவை, வரிசைப்படி:

1. காலை பத்தரைக்கு எங்கள் ஏரியின் ஒரே டீசல் லாஞ்சைச் சோதிக்க அரசாங்க ஆபீசர் ஏறினார். படகோட்டி லீவு, படகுத்துறை இன்ஜினீயரான நான்தான் ஓட்டினேன்.
2. ஏரி நடுவில் இன்ஜின் கொதித்தது. பதறி நிறுத்தினேன்.
3. மறுபடி கிளப்பப் பார்த்தேன். கிளம்பவில்லை.
4. அதற்குப் பிறகு நடந்தது முழுவதும் ஜாக்கெட் ஆன்ட்டி.

இந்த உலகத்தில் தண்ணீரை ஜாக்கெட் ஆன்ட்டி அளவுக்குச் சந்தேகப்பட்டவர் யாரும் இல்லை. ஏரிக்குப் பக்கத்து ஜீவனஹள்ளிக்காரர். எங்கள் படகுத்துறையில் டிக்கெட் கொடுத்தார். பதினோரு வருடத்தில் ஒரு நாள்கூடப் படகில் கால் வைக்கவில்லை. ஆனால் கவுன்ட்டருக்குள்ளும் ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றமாட்டார். துறைப்பலகை மேல் நடந்து டீ கொண்டுவருபவருக்கும் ஒன்று. அங்கே படுத்திருக்கும் நாய்க்குக் குழந்தைகள் அளவு.

பிறந்தது கோலார் தங்க வயலில். காலையில் சுரங்கத்துக்குள் எத்தனை பேர் இறங்கினார்கள், ஷிஃப்ட் முடிந்து எத்தனை பேர் ஏறினார்கள் என்று எண்ணிப் பார்த்த ஊர். இங்கே ஏரியிலும் எண்ணினார். கையில் எப்போதும் ஒரு மைக்.

“ஏழாம் நம்பர் பெடல் போட்டு! நீலச் சட்ட! லவ் பண்ணு, வாணாங்கல. பக்கிள மாட்டிக்கினு பண்ணு!”

லாஞ்ச் ஓடினால் படகுத்துறை தொடரும், ஓடாவிட்டால் மூடிவிடலாம் என்று ஆபீசர் முன்பே சொல்லியிருந்தார். மூடினால் முதலில் போவது ஆன்ட்டியின் வேலை. அது அவருக்கும் தெரியும்.

இப்படி ஒரு நாள் வரும் என்று, இன்ஜின் நின்றால் செய்யவேண்டியதை நான் ஒரு பட்டியலாக எழுதி, லாமினேட் செய்து வைத்திருந்தேன். அது ஆன்ட்டியிடம் இருந்தது. விசிறிக்கொள்ள வசதியாக இருக்கிறதாம். அவருக்குப் போன் செய்தேன்.

“ஆன்ட்டி, அந்த லிஸ்ட்டக் கொஞ்சம் போன்லயே படிங்க.”

“போன்ல படிச்சா உனக்கு மட்டுந்தான கேக்கும்?”

அடுத்த நொடி ஏரி முழுக்க அவர் குரல்.

“ஒண்ணு! கியர் நியூட்ரல்ல கீதா?”

இருந்தது.

“ரெண்டு! இன்ஜின் மூடியத் தொறக்காத. ஆறட்டும். அர மணி நேரம் சும்மா குந்து!”

உட்கார்ந்தோம். நடைப்பயிற்சிக்கு வந்தவர்கள் கரையில் நின்று, நாங்கள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார்கள்.

“மூணு! தண்ணி உறிஞ்சுற வால்வ மூடிட்டு வடிகட்டியப் பாரு!”

பிள்ளையார் கரைத்த வாரம் அது. வடிகட்டியில் ஒரு சாமந்தி மாலையும் பிளாஸ்டிக் பையும் அடைத்திருந்தன. குளிர்விக்கும் தண்ணீரே உள்ளே போகவில்லை. இரண்டையும் பிடுங்கி எடுத்தேன்.

“நாலு! ரேடியேட்டர் தண்ணி கொறஞ்சிருந்தா ஊத்து. மொள்ளமா! அஞ்சு! வால்வத் தொறந்துட்டுச் சுத்து. பத்து செகண்டுக்கு மேல வாணாம்!”

இன்ஜின் சுற்றியது. பிடிக்கவில்லை. வெயில் தாங்காமல் ஆபீசர் ஜாக்கெட்டைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தார். ஆறாவது வரவில்லை.

“ஆறு என்ன ஆன்ட்டி?” என்றேன் போனில்.

“ஆறு அப்பறம்,” என்றது மைக். “உன் பக்கத்துல குந்தினு கீறவரு ஜாக்கெட்டு எங்க?”

“அவருதான் ஆன்ட்டி ஆபீசர்!”

“ஆபீசருன்னா முழுகமாட்டாரா? சார்! ஜாக்கெட் ஹாக்கொள்ளி சார்! நீங்க போடற வரிக்கும் ஆறு வராது!”

ஆபீசர் முகம் சிவந்தது. நான் போனை வாயருகே பொத்திக்கொண்டேன். “ஆன்ட்டி, உங்க வேலையே அவர் கையிலதான் இருக்கு.”

“வேல போனா வேற வேல. அவரு போய்ட்டா அவரு வூட்டுக்கு யாரும்மா போயி சொல்றது?”

இதை மட்டும் போனில் சொன்னார்.

நான் அதை அப்படியே ஆபீசரிடம் சொன்னேன்.  அவர் ஜாக்கெட்டைப் போட்டு, பக்கிளை மாட்டி, போட்டாயிற்று என்று கரையைப் பார்த்துக் கன்னடத்தில் கத்தினார்: “ஆய்தம்மா, ஆய்து!”

“ஆறு! ஸ்டாப் லீவர உள்ள தள்ளுனியா?”

தள்ளவில்லை. நிறுத்தும்போது நான் இழுத்த லீவர் வெளியிலேயே நின்றது. அது வெளியே இருக்கும்வரை இன்ஜினுக்கு டீசல் போகாது. அந்த ஆறாவது வரியை எழுதியவளும் நான்தான். தள்ளினேன். லாஞ்ச் இருமி, கரும்புகை விட்டு, கிளம்பியது.

“இன்ஜினீயரம்மா தள்ள மறந்துட்டாங்கோ!” என்று ஆன்ட்டி கரைக்கு விளக்கம் தந்தார். கரை கைதட்டியது.

துறையில் இறங்கியதும், “போனது ரெண்டு, வந்தது ரெண்டு” என்று எண்ணினார். ஆபீசர் ஜாக்கெட்டைக் கழற்றாமலே கையெழுத்துப் போட்டார். துறை தொடரலாம்.

இப்போதைய நிலை இது: லாஞ்ச் சனி, ஞாயிறுகளில் ஓடுகிறது. ஆன்ட்டிக்குப் பதிலாகக் கவுன்ட்டரில் ஒரு இயந்திரம் டிக்கெட் கொடுக்கிறது. ஆன்ட்டி ஹெப்பகோடியில் மகள் வீட்டில் இருக்கிறார். மாதம் ஒரு முறையாவது நான் அங்கே போகிறேன். ஹெப்பகோடியில் எனக்கு வேறு வேலை எதுவும் இல்லை.