தொட்டையன் மாமாவுக்கு இரண்டு நாள் துக்கம்

தொட்டையன் மாமாவைக் கொன்றுவிடுவது என்று சென்னிமலை வியாழக்கிழமை மாலை ஆறு மணிக்கு முடிவு செய்தார்.

மாமாமேல் அவருக்குக் கோபம் ஒன்றும் இல்லை. மாமா ஹனூரில் மஞ்சள் பயிரிட்டுக்கொண்டு, யாருக்கும் தொந்தரவில்லாமல் இருந்தார். தூரத்து உறவு. சென்னிமலையின் மனைவி நிர்மலா அவரை இரண்டே முறைதான் பார்த்திருக்கிறாள். எல்லாவற்றுக்கும் மேலாக, மாமாவிடம் போன் கிடையாது. இவ்வளவு வசதியான ஆள் வேறு யார் கிடைப்பார்?

காரணம், கிட்டார்.

சென்னிமலைக்கு நாற்பத்தெட்டு வயது. மைசூர் ஹெப்பாள் தொழிற்பேட்டையில் சூப்பர்வைசர். கல்லூரி நாளிலிருந்து 'பதினேழாவது கிராஸ்' என்ற கிட்டார் குழுவின் பாட்டைப் போடாமல் அவர் சவரம் செய்துகொண்டதே இல்லை. ஆனால் அவர்களை மேடையில் ஒரு முறைகூடப் பார்த்ததில்லை. பார்க்கலாம் என்று நினைத்த வருஷம் அவர்கள் சண்டை போட்டுப் பிரிந்துவிட்டார்கள். இப்போது நால்வரும் தலை நரைத்து, சமாதானமாகி, ரிங் ரோடு ஓரத்து மைதானத்தில் ஒரே ஒரு முறை வாசிக்கப் போகிறார்கள். இரண்டு நாள் விழா. சனிக்கிழமை மதியம் மற்ற குழுக்கள். ஞாயிறு மதியம் இவர்கள்.

மனைவியிடம் சொல்லிவிட்டே போகலாமே என்பீர்கள். அதில் ஒரு சிக்கல். போன வருஷம் இதே மாதிரி ஒரு விழா நடந்தபோது, "ஏனுங்க, நாமளும் போலாமுங்களா?" என்று நிர்மலா கேட்டாள். "அங்கெல்லாம் குடும்பம் நடத்தறவங்க போவாங்களா?" என்று சென்னிமலை சொல்லிவிட்டார். அந்த வார்த்தை இப்போது வாசலில் நாய் மாதிரிப் படுத்திருந்தது. தாண்ட முடியவில்லை.

கல்யாணம் என்று சொல்லலாம். பத்திரிகை கேட்பாள். பட்டுப் புடவை கட்டிக்கொண்டு கூடவே கிளம்புவாள். தவிர, கல்யாணம் அரை நாளில் முடிந்துவிடும். சாவுக்குப் பத்திரிகை கிடையாது. முதல் நாள் அடக்கம், மறுநாள் பால் தெளிப்பு என்று இரண்டு நாளும் உண்டு.

சனிக்கிழமை காலை நிர்மலா ஹாலில் தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தாள். மைசூர் விஜயநகரில் அவர்கள் தெருவின் ரவிக்கைகள் எல்லாம் அவள் கைவேலைதான்.

"தொட்டையன் மாமா போய்ட்டாராம்."

"எங்கீங்க?"

"மேல."

மெஷின் நின்றது. "ஐயோ பாவம்! யாரு சொன்னாங்க?"

"ஊர்க்காரரு ஒருத்தர் போன் பண்ணுனாரு. நெஞ்சு வலியாம்."

"நானும் வரட்டுங்களா?"

"பஸ்ல கூட்டமா இருக்கும். நீ இங்கிருந்தே துக்கப்படு."

"ஆயித்து, சரிங்க. நீங்க கெளம்புங்க" என்றாள் நிர்மலா.

வெள்ளை வேட்டியோடு கிளம்பியவர், கூட வேலை பார்க்கும் சந்தோஷ்குமார் வீட்டில் கறுப்பு டீ-ஷர்ட்டுக்கு மாறினார். மைதான வாசலில் ஒரு பச்சைத் துணிப்பட்டையை அவருடைய மணிக்கட்டில் சுற்றிப் பூட்டினார்கள். "இதுதான் சார் ரெண்டு நாளைக்கும் டிக்கெட். இது இல்லேன்னா நாளைக்கு உள்ளே விடமாட்டோம்."

அன்று ஐந்து குழுக்கள் வாசித்தன. சென்னிமலை ஐந்துக்கும் குதித்தார். முழங்கால் கழன்றது. குரல் போய்விட்டது. குரல் போனது நல்லதுதான்; அழுததாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டார். மறுபடி வேட்டியைக் கட்டிக்கொண்டு ஏழு மணிக்கு வீட்டுக்கு வந்தார்.

வாசலில் இரண்டு வாளித் தண்ணீர் இருந்தது. பக்கத்தில் நிர்மலா இருந்தாள்.

"அங்கியே நில்லுங்க."

"எதுக்கு?"

"எழவு வீட்டுக்குப் போய்ட்டுக் குளிக்காம உள்ள வருவாங்களா?"

சென்னிமலை எல்லாவற்றையும் யோசித்திருந்தார். இதை யோசிக்கவில்லை. அது ஜனவரி மாதம். முதல் வாளியில் போன குரல் திரும்பி வந்தது. இரண்டாவது வாளியில் மறுபடி போனது.

"கையில என்னங்க பச்சையா?"

"இதா... அங்க கட்டுனாங்க. மருமகனுங்களுக்கெல்லாம்."

"பச்சையிலயா?"

"ஹனூர்ப் பக்கம் அப்படித்தான்."

"அடக் கடவுளே! அங்க கட்டுனத வீட்டுக்குள்ள கொண்டுவரலாமுங்களா?" என்றாள். இடுப்பில் செருகியிருந்த கத்தரிக்கோலை எடுத்தாள். ரவிக்கைத் துணி வெட்டுகிற கத்தரிக்கோல். வெட்டியபோது சத்தம்கூட வரவில்லை. சத்தம் சென்னிமலையிடமிருந்துதான் வந்தது.

"அழுவாதீங்க" என்றாள் நிர்மலா. "மாமாமேல இவ்வளவு பாசம் வெச்சிருந்தீங்கன்னு எனக்குத் தெரியாமப் போச்சு."

அதோடு விடவில்லை. மூன்று நாளைக்கு வீட்டில் கறி கிடையாது, பாட்டுக் கிடையாது என்று சொல்லி, சென்னிமலையின் ஸ்பீக்கரைத் துணியில் சுற்றிப் பரணில் ஏற்றினாள். ஏணியைப் பிடித்துக்கொண்டவர் சென்னிமலைதான்.

ஞாயிறு காலை அவருக்கு ஜலதோஷம் பிடித்துக்கொண்டது.

"பால் தெளிக்கப் போகலீங்களா?"

"முடியல."

"பாவம், மாமா ஒண்ணும் நெனச்சுக்கமாட்டாரு" என்று சொல்லி மிளகு ரசம் வைத்துக் கொடுத்தாள்.

மதியம் மூன்று மணிக்கு நிர்மலா ஹாலுக்கு வந்தாள். கைத்தறிப் புடவை, காலில் வாக்கிங் ஷூ. மணிக்கட்டில் பச்சைப் பட்டை.

சென்னிமலை தும்ம வந்ததை நிறுத்திக்கொண்டு பார்த்தார்.

"அது..."

"வெட்டுனதத் தூக்கிப் போட மனசு வரலீங்க. தெச்சுட்டேன். தையல் தெரியுதுங்களா, பாருங்க."

கண்ணுக்கு மிக அருகில் வைத்துப் பார்த்தார். தெரியவில்லை.

"நீ எங்க போற?"

"பதினேழாவது கிராஸக் கேக்கத்தானுங்க. பச்சைப் பட்டை இருந்தாத்தான் உள்ள விடுவாங்கன்னு பேப்பர்ல போட்டிருந்துச்சு. நின்னுக்கிட்டேதான் கேக்கணுமாம். அதான் ஷூ."

"அவங்க பாட்டு உனக்கென்ன தெரியும்?"

"பத்தொம்போது வருசமா நீங்க சவரம் பண்ணும்போதெல்லாம் நான் அடுப்படியில செவுடாவா நின்னேன்? நாலாவது பாட்டுல ரெண்டாவது கிட்டார் கொஞ்சம் பிந்தி வரும். இன்னிக்காச்சும் சரியா வருதான்னு பாக்கணும்."

அந்தக் கிட்டார் பிந்தி வருவது சென்னிமலைக்கு இன்றுவரை தெரியாது. அவரிடம் கடைசியாக ஒரே ஒரு ஆயுதம் மிச்சமிருந்தது. முகத்தைத் துக்கமாக வைத்துக்கொண்டு அதை எடுத்தார்.

"நிர்மலா, மாமா போய் முழுசா ரெண்டு நாள்கூட ஆகல. இப்பப் போய்க் கிட்டார் கேக்கறது உனக்கே நல்லா இருக்கா?"

நிர்மலா வாசல்படியில் நின்று திரும்பினாள்.

"எனக்கும் மனசு கேக்கலீங்க. நேத்து நீங்க அந்தப் பக்கம் போனதுமே, துக்கம் விசாரிக்கலாமுன்னு உங்க தங்கச்சிகிட்ட நம்பர் வாங்கி மாமா வீட்டுக்குப் போன் பண்ணுனேன்."

"மாமாகிட்டத்தான் போனே இல்லையே!"

"தீபாவளிக்கு வாங்கிட்டாராமா." அவள் கேட்டைத் திறந்தாள். "அவரேதான் எடுத்தாரு. உங்களக் கேட்டதாச் சொல்லச் சொன்னாரு."